முக்கோணமும் தூரிகையும்

ஓவியன் நீதி பேசலாமா? வண்ணமும் கோடும் வழக்காடலாமா? அழகைப் படைக்க வந்த தூரிகை, உரிமை கேட்டு நிற்கும் ஒரு கூட்டத்தாரின் கைவாளாக மாறினால், கலையின் தூய்மை கெட்டுவிடாதா? இப்படிக் கேட்கும் கலைச்சுவைஞர் சிலர் உளர். அவர்களுக்கு எதிர்த்திசையில் நின்று மற்றொரு சாரார் கூவுகின்றனர்: "ஆணை ஆண் விரும்புவதும், பெண்ணைப் பெண் விரும்புவதும் பேசவே தகாத செய்தி, அதனைப் படமாக வேறு தீட்டுவதோ?" முன்னவர், கலை மாசுபடும் என்கிறார். பின்னவர், கண் மாசுபடும் என்கிறார். வழி வேறாயினும் இருவரும் வந்து சேரும் இடம் ஒன்றே: படம் வேண்டாம்!

நாமோ, படம் வேண்டும் என்கிறோம். ஏன் வேண்டும்? எத்தகைய படம் வேண்டும்? அதனைத் தீட்டும் கைக்கு என்ன கடமை உண்டு? தன்பாலீர்ப்பு உடையோரின் சமத்துவத்துக்காக உலகில் எழுந்த சில கலைப்படைப்புகளை எடுத்துக்கொண்டு, இம்மூன்று வினாக்களுக்கும் விடை காண முயல்வோம்.

இழிவு எங்கே பிறக்கிறது? நூலில் பிறக்கிறது என்பர். சட்டத்தில் பிறக்கிறது என்பர். அவையெல்லாம் அது வளரும் இடங்கள். அது பிறக்கும் இடம் கண்! ஒருவனைத் தாழ்த்த நினைப்போர், முதலில் அவன்மீது ஒரு குறியை இடுவர். தோளில் துண்டு போடாதே, காலில் செருப்பு அணியாதே, முழங்காலுக்குக் கீழே வேட்டியை இறக்காதே என்று இந்த நாட்டில் கட்டளையிட்டவர்கள் துணியைப் பற்றியா கவலைப்பட்டார்கள்? இல்லை. பார்த்த அளவில் இவன் தாழ்ந்தவன் என்று கண் அறியவேண்டும். கண் அறிந்துவிட்டால் அறிவு கேள்வி கேட்காது. கை தானாக ஓங்கும், நா தானாக ஏசும். இந்த உளநூலை நன்கு கற்றவர்கள் ஆதிக்கக்காரர்கள்.

அவர்களுள் தலையாய மாணவன் ஹிட்லர். ஆணும் ஆணும் கொள்ளும் உறவைக் குற்றமாக்கும் 175ஆம் பிரிவு, ஜெர்மானியச் சட்டத்தில் 1871 முதலே இருந்தது. 1935இல் நாஜி ஆட்சி அதனை மேலும் கொடியதாக்கிற்று. அவ்வாட்சிக் காலத்தில் ஏறத்தாழ 1,00,000 பேர் இக்குற்றத்தின் பெயரால் கைது செய்யப்பட்டனர். ஏறத்தாழ 50,000 பேர் தண்டிக்கப்பட்டனர். 5,000 முதல் 15,000 வரையிலானோர் வதைமுகாம்களுக்கு அனுப்பப்பட்டனர் என்று வரலாற்றறிஞர் மதிப்பிடுகின்றனர். முகாமில் ஒவ்வொருவர் உடையிலும் ஒரு துணித்துண்டு தைக்கப்பட்டது. அரசியல் எதிரிக்குச் சிவப்பு முக்கோணம். யூதனுக்கு மஞ்சள் விண்மீன். ஆணை விரும்பிய ஆணுக்கு இளஞ்சிவப்பு முக்கோணம். முனை கீழ்நோக்கித் தொங்கும் அந்தத் துண்டைக் கண்டதும் காவலன் எள்ளி நகைப்பான். உடன் அடைபட்ட கைதியும் ஒதுங்கிப்போவான்.

படம் நீதி பேசலாகாது என்போரைக் கேட்கிறோம்: அந்தத் துணித்துண்டு ஒரு படமன்றோ? வடிவம் இருந்தது, வண்ணம் இருந்தது, சொல்லவேண்டிய செய்தியும் இருந்தது. அநீதி தன் படத்தை அன்றே வரைந்து, மனிதர் மார்பிலே தைத்துவிட்டது. இனி நீதி மட்டும் படம் வரையாமல் பத்தியம் காக்கவேண்டும் என்பது எந்த ஊர் நியாயம்?

போர் முடிந்தது, முகாம்களின் கதவுகள் திறந்தன. ஆயினும் இளஞ்சிவப்பு முக்கோணக்காரனுக்கு விடுதலை முழுமையாக வரவில்லை. நாஜிகள் கடுமையாக்கிய அதே சட்டப்பிரிவு, மேற்கு ஜெர்மனியில் 1969 வரை மாறாமல் நின்றது. அது முற்றிலும் ஒழிந்தது 1994இல்தான். மற்றவர்கள் தாம் பட்ட துயரத்தை நினைவுச்சின்னமாக எழுப்பிக்கொண்டிருந்த காலத்தில், இவர்கள் தாம் பட்டதை வாய்விட்டுச் சொல்லவும் அஞ்சி வாழ்ந்தனர். சொன்னால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகுமே!

இந்த அச்சத்தை உடைத்த விந்தையைக் கேளுங்கள். 1970களில் ஜெர்மனியின் இளைஞர் சிலர், தம் முன்னோர் மார்பில் இழிவாகத் தைக்கப்பட்ட அதே முக்கோணத்தைத் தாமே எடுத்து அணிந்தனர். பின்னர் 1987இல், அமெரிக்காவின் நியூயார்க் நகரச் சுவர்களிலே ஒரு சுவரொட்டி தோன்றிற்று. கன்னங்கரிய பின்னணி, நடுவே இளஞ்சிவப்பு முக்கோணம், அதன்கீழே, மௌனமும் மரணமும் ஒன்றே என்று அறிவிக்கும் இரண்டு சொற்கள், இடையே ஒரு சமன்குறி. அவ்வளவே! ஆறு நண்பர்கள் கூடி ஆக்கியது அது. முகாமில் முனை கீழ்நோக்கித் தொங்கிய முக்கோணம், இச்சுவரொட்டியில் முனை மேல்நோக்கி நிமிர்ந்து நின்றது!

மௌனம் ஏன் மரணமாயிற்று? எய்ட்ஸ் என்னும் கொடுநோய் பற்றிய முதல் மருத்துவ அறிக்கை அமெரிக்காவில் 1981 ஜூனில் வந்தது. தொடக்கத்தில் அந்நோய்க்குப் பெருமளவில் இரையானோர் தன்பாலீர்ப்புடைய ஆண்கள். "அவர்களுக்குத்தானே!" என்று நாடு முகத்தைத் திருப்பிக்கொண்டது. குடியரசுத் தலைவர் ரீகன் இந்நோய் பற்றித் தம் முதற் பேருரையை ஆற்றியது 1987 மே இறுதியில். அதற்குள் அந்நாட்டில் 20,000 பேருக்கு மேல் மாண்டிருந்தனர். ஆள்வோர் மௌனமாக இருந்ததால் மருந்துக்குப் பணம் வரவில்லை. நோயாளர் அஞ்சி மௌனமாக இருந்ததால் எண்ணிக்கையே தெரியவில்லை. இந்த இரண்டு மௌனங்களையும் ஒரே அடியில் தாக்கிற்று அந்தச் சுவரொட்டி. அதே ஆண்டு மார்ச்சில் எழுந்த 'ஆக்ட் அப்' என்னும் போராட்ட அமைப்பு, அதனையே தன் பதாகையாக்கிக்கொண்டு தெருவில் இறங்கிற்று.

இதில் நாம் உற்று நோக்கவேண்டியது ஒன்றுண்டு. அந்தச் சுவரொட்டியில் அழுத கண் இல்லை. கூப்பிய கை இல்லை. 'எங்கள்மீது இரக்கம் காட்டுங்கள்' என்ற விண்ணப்பம் இல்லை. இழிவின் குறியையே எடுத்து, 'ஆம், இது எங்களுடையது; இதைத் தைத்தவன்தான் வெட்கப்படவேண்டும்' என்று நிமிர்ந்து நின்றது. தன்மான இயக்கத்தில் வளர்ந்த நமக்கு இந்த முறை புதிதன்று. கருப்பு ஆகாத நிறம் என்று சொல்லப்பட்ட நாட்டிலேயே கருஞ்சட்டை அணிந்தோம். நம்மீது சுமத்தப்பட்ட இழிநிலையைக் கருமையாகவும், அதனை நீக்கும் முயற்சியை நடுவிலே செவ்வட்டமாகவும் கொடியிலே தீட்டினோம். இழிவை மறைத்தால் அது தோலுக்குள் புகும். உயர்த்திப் பிடித்தால், சுமத்தியவன் முகத்தில் போய் ஒட்டும். கொடியின் நுட்பம் அதுவே. முக்கோணத்தின் நுட்பமும் அதுவே.

சினம் மட்டுமே இக்கலையின் மொழி என்று எண்ணவேண்டா. துயரத்துக்கும் ஒரு வடிவம் கிடைத்தது. 1985 நவம்பரில், சான்பிரான்சிஸ்கோ நகரில், கொலையுண்ட தலைவர் ஹார்வி மில்க் நினைவாக மெழுகுவத்தி ஊர்வலம் நடந்தது. அதில் வந்தோர், நோயால் மாண்ட தம் நண்பர்களின் பெயர்களை அட்டையில் எழுதி ஓர் அரசுக் கட்டடத்தின் சுவரில் ஒட்டினர். கிளீவ் ஜோன்ஸ் என்பார் அச்சுவரைப் பார்த்தார். வீட்டுப் பாட்டிமார் துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைக்கும் ஒட்டுப்போர்வைபோல் அது அவர் கண்ணுக்குத் தோன்றிற்று. அந்த ஒரு தோற்றத்திலிருந்து பிறந்தது ஒரு மாபெரும் போர்வை. ஒருவருக்கு ஒரு துண்டு; துண்டுக்கு 3 அடி அகலம், 6 அடி நீளம். அஃதாவது, ஒரு புதைகுழியின் அளவு! 1987 அக்டோபர் 11 அன்று வாஷிங்டன் நகரின் பெருவெளியிலே 1,920 துண்டுகள் விரிக்கப்பட்டன. இன்று ஏறத்தாழ 50,000 துண்டுகள் உள்ளன.

யார் தைத்தார்கள்? பெயர்பெற்ற ஓவியர்களா? இல்லை, தாய்மார்கள், தமக்கையர், நண்பர்கள், உடன் வாழ்ந்த காதலர்கள். இறந்தவன் உடுத்த சட்டையையும், எழுதிய கடிதத்தையும், அணைத்து உறங்கிய பொம்மையையும் அதிலே வைத்துத் தைத்தார்கள். உடலை அடக்கம் செய்யவும் சிலர் மறுத்த காலம் அது. இன்ன நோயால் இறந்தான் என்று சொல்லவும் குடும்பங்கள் கூசிய காலம் அது. கல்லறையில் இடம் மறுக்கப்பட்டவனுக்குத் துணியிலே ஓர் இடம் கிடைத்தது. பழிச்சொல் ஒன்றாலேயே அறியப்பட்டவனுக்கு அவன் பெயர் திரும்பக் கிடைத்தது. அப்போர்வையில் பெயர் பெற்றோர் அனைவரும் தன்பாலீர்ப்பினர் அல்லர். நோய்வாய்ப்பட்ட குழந்தைகளும் உண்டு, பெண்களும் உண்டு. சாவிலே இல்லாத வேற்றுமையை வாழ்விலே கற்பித்தவர் யார் என்று அந்தப் போர்வை ஒரு சொல்லும் பேசாமல் கேட்டது.

"இதெல்லாம் கலையா? பிரசாரம்!" என்பர் கலைச்சுவைஞர். பிரசாரமாகவே இருக்கட்டும். உலகில் பிரசாரமல்லாத படம் எது? மன்னன் உருவம் வரைந்த நாணயம் பிரசாரம். கோயில் சுவரில் புராணத்தைத் தீட்டி, பிறப்பால் உயர்வு தாழ்வு உண்டென்று எழுத்தறியாதவனுக்கும் கற்பித்ததே, அது பிரசாரமன்றோ? நாட்காட்டியிலும் திரைப்படத்திலும் துணிக்கடை விளம்பரத்திலும் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் கைகோத்துச் சிரிக்கின்றனர். காதலென்றால் இதுவே, குடும்பமென்றால் இதுவே என்று நாள்தோறும் நமக்குக் கற்பிக்கின்றனர். அதனைப் பிரசாரம் என்று எவரும் சொல்வதில்லை. பழகிப்போன பிரசாரம் இயற்கை போலத் தோன்றும். பழகாத உண்மையோ பிரசாரம் போலத் தோன்றும். வேறுபாடு பார்ப்பவர் பழக்கத்தில் இருக்கிறது. ஆகவே, பழக்கத்தை மாற்ற ஒரே வழி, காணாததைக் காணச் செய்வதுதான்.

"மேல்நாட்டுச் சரக்கு!" என்று இங்கே சிலர் முணுமுணுப்பது கேட்கிறது. நல்லது; சரக்கு எந்தக் கப்பலில் வந்தது என்று பார்த்துவிடுவோம். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு வெள்ளையர் ஆட்சி 1860இல் இயற்றியது. இறக்குமதியானது அந்தக் காதலன்று. அதனைக் குற்றமாக்கிய சட்டம்! வெள்ளையன் போன பின்னும் அவன் விட்டுச்சென்ற விலங்கை நம் பண்பாடு என்று பூசை செய்தவர்கள்தாம் இன்று பண்பாட்டுக் காவலர் வேடம் போடுகின்றனர்.

அந்த விலங்கு பூட்டிக் கிடந்த காலத்திலேயே, குசராத்தின் பரோடா நகரில் ஓர் ஓவியர் துணிந்தார். பூபேன் காக்கர் என்பது அவர் பெயர். 1934இல் பம்பாயில் பிறந்தவர்; கணக்காயர் தொழில் பயின்றவர். கடைக்காரர், கடிகாரம் பழுது பார்ப்பவர் போன்ற எளிய மனிதர்களையே ஓவியத்தின் நாயகர்களாக்கியவர். 1981இல் அவர் தீட்டிய ஓவியம் ஒன்றின் பெயர், 'எல்லோரையும் மகிழ்விக்க இயலாது' என்று பொருள்படும். மாடி முகப்பில் ஆடையின்றி ஒருவர் நிற்கிறார். கீழே விரிந்து கிடக்கும் ஊரைப் பார்க்கிறார். ஊரிலே நடப்பது, நம் பிள்ளைகளும் அறிந்த கதை: தந்தையும் மகனும் கழுதையும்! தந்தை ஏறினால் ஒருவன் ஏசுகிறான். மகன் ஏறினால் மற்றொருவன் ஏசுகிறான். ஊரார் வாய்க்கு அஞ்சி அஞ்சி இறுதியில் கழுதையையே இழக்கின்றனர். சிறுவர்க்குச் சொல்லும் கதைதான். ஆனால் ஊரார் வாய்க்கு அஞ்சித் தன் காதலை மறைத்து, தன் வாழ்வையே இழந்தவன் அதனைக் கேட்டால், அது சிறுவர் கதையாகவா ஒலிக்கும்? காக்கர் தம்மை ஒளிக்காமல் நிறுத்திய ஓவியம் அது என்று கலையறிஞர் போற்றுகின்றனர். அவர் மறைந்தது 2003இல். 2016இல் இலண்டனின் டேட் அருங்காட்சியகம் இதே பெயரில் அவருடைய படைப்புகளைத் திரட்டிக் காட்சி வைத்தது.

இங்கேதான் மூன்றாம் வினா, நம் நெஞ்சை நெருடும் வினா, எழுகிறது. காக்கர் காட்டியது தம்மை. பிறரைக் காட்டும் உரிமை ஓவியனுக்கு உண்டா? காணச் செய்வதே விடுதலை என்றோம். ஆனால் காணப்பட்டால் வேலை போகும், வீடு போகும், சில வேளை உயிரும் போகும் என்ற நிலையில் வாழ்பவனை வெளிச்சத்தில் இழுத்து நிறுத்துவது விடுதலையா, காட்டிக்கொடுத்தலா? நோக்கம் நல்லதாயிருந்தால் போதும் என்று சொல்லிவிடலாமா?

சொல்லலாகாது என்பதே நம் உறுதி. மனிதனைக் கருவியாக்குவது தவறு என்று வைதிகத்தை எதிர்த்து வாதாடியவர்கள் நாம். கடவுளின் பெயரால் கருவியாக்குவது தவறென்றால், புரட்சியின் பெயரால் கருவியாக்குவதும் தவறே. இதனை உணர்ந்து பணியாற்றிய ஒருவரை எடுத்துக்காட்டலாம். டில்லியில் பிறந்து வெளிநாட்டில் வாழ்ந்த ஒளிப்படக் கலைஞர் சுனில் குப்தா, 1980களின் பிற்பகுதியில் டில்லிக்கு வந்து, அங்கு வாழும் தன்பாலீர்ப்புடைய ஆண்களைப் படமெடுத்தார். 'நாடிழந்தோர்' என்று பொருள்படும் பெயரிட்டார். இந்தியா வாயில் போன்ற யாவரும் அறிந்த இடங்களே பின்னணி. ஆனால் படங்கள் பலவற்றில் முகம் தெரியாது. சிலர் திரும்பி நிற்பர், சிலர் குனிந்திருப்பர். சொந்த நாட்டின் பெருஞ்சின்னத்துக்கு முன்னே, சொந்த முகத்தைக் காட்ட இயலாத குடிமகன்! திரும்பிய அந்த முதுகு யார்மீது குற்றம் சாட்டுகிறது? மறைந்து நிற்பவன்மீதா? அன்று, அவன் முகத்தைக் காணத் தகுதியற்றுப்போன நம்மீது. காட்டுவதில் மட்டுமன்று, காட்டாமல் விடுவதிலும் அறம் உண்டு. எவ்வளவு காட்டலாம் என்று முடிவு செய்பவன், படத்துள் நிற்பவனாக இருக்கவேண்டும்.

சட்டம் பிறகு நகர்ந்தது. டில்லி உயர்நீதிமன்றம் 2009இல் அவ்விலங்கைத் தளர்த்திற்று. உச்சநீதிமன்றம் 2013இல் மீண்டும் பூட்டிற்று. அதே நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று, வயதுவந்தோர் மனமொத்து வாழ்வது குற்றமன்று என்று தீர்ப்பளித்தது. மகிழ்ந்தோம். ஆனால் சட்டம் குற்றத்தை நீக்கும்; அருவருப்பை நீக்குமா? அருவருப்பு குடியிருப்பது கண்ணில். சென்னை உயர்நீதிமன்றத்தில் 2021இல் நடந்ததை நினைவூட்டுகிறோம். இரு பெண்கள் பாதுகாப்புக் கேட்டு வந்த வழக்கில், நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இப்பொருள் பற்றித் தமக்கே முற்சாய்வுகள் இருந்தன என்பதைத் தீர்ப்பிலேயே எழுதினார். உளவியல் வல்லுநரிடமும், அவ்வினத்தாரிடமும் நேரில் அமர்ந்து கற்ற பின்னரே தீர்ப்புரைத்தார். சட்டம் அறிந்த நீதிபதிக்கே முகம் பார்த்துக் கற்கவேண்டியிருந்தது என்றால், சட்டமறியாத தெருவுக்கு எத்தனை முகங்கள் தேவை! அந்த முகங்களைத் தெருவுக்குக் கொண்டுவரும் வண்டி, கலை.

வண்டியையே ஊர் என்று எண்ணிவிடவும் கூடாது. 1978 ஜூனில் சான்பிரான்சிஸ்கோவில் கில்பர்ட் பேக்கரும் தோழர்களும் கையாலே சாயமேற்றிப் பறக்கவிட்ட எட்டு வண்ண வானவில் கொடி, இன்று ஆறு வண்ணமாய் உலகெங்கும் பறக்கிறது. ஆண்டில் ஒரு மாதம் அதனைத் தம் பொருள்களின்மீது அச்சிட்டு விற்கும் வணிகர்களும் உளர். கொடியைக் கடையில் தொங்கவிட்டு, அக்கொடிக்குரியவன் வேலை கேட்டு வந்தால் கதவைச் சாத்துபவனிடம் வண்ணம் தோற்றுவிடுகிறது. அவர்தம் திருமணத்தை ஏற்பது தன் வேலையன்று, சட்டமன்றங்களின் வேலை என்று 2023 அக்டோபரில் உச்சநீதிமன்றம் ஒதுங்கிக்கொண்டது. புரோகிதரில்லாத தன்மானத் திருமணங்களும் ஒருகாலத்தில் செல்லாத திருமணங்கள்தாம்! சட்டம் ஏற்கும்வரை நம் முன்னோர் காத்திருந்தார்களா? ஊரறிய மேடையில் மாலை மாற்றினார்கள். பல்லாயிரவர் கண்டு பழகினர். 1967இல் அண்ணா தலைமையில் அமைந்த ஆட்சி, மக்கள் கண்டு பழகியதைச் சட்டமாக்கிற்று. கண் முந்திற்று, ஏடு பிந்திற்று. ஆயினும் ஏடு வந்தேயாகவேண்டும். கண்காட்சியோடு கடமை தீராது.

பெர்லின் மாநகரில், நாஜிகளால் வதைக்கப்பட்ட தன்பாலீர்ப்பினருக்கு 2008இல் ஒரு நினைவுச்சின்னம் எழுப்பப்பட்டது. எல்ம்கிரீன், டிராக்செட் என்னும் இரு கலைஞர்கள் ஆக்கியது. பெரியதொரு சாம்பல்நிறக் காரைப் பெட்டகம். சிலை இல்லை, சிகரம் இல்லை. ஒரு புறம் சிறு சாளரம் ஒன்றுண்டு. கண்ணை வைத்துப் பார்த்தால் உள்ளே ஒரு படம் ஓடும்: இருவர் முத்தமிட்டுக்கொள்கின்றனர். அவ்வளவுதான்! எந்தச் செயலுக்காக மனிதரைக் கொன்றார்களோ, அந்தச் செயல், அதன் எளிமையோடு. தொலைவில் நின்றவனுக்கு அது வெறுங் கல். அருகே வந்து பார்த்தவனுக்கே அது காதல்.

வகுப்பறையில் நிற்கும் நம்போன்றோர் எண்ணிப் பார்க்கவேண்டும். நம் பள்ளிச் சுவர்களில் எத்தனையோ படங்கள் தொங்குகின்றன. நடையிலோ குரலிலோ சற்று வேறுபட்ட ஒரு மாணவனை மற்றவர்கள் என்ன பெயர் சொல்லி எள்ளுகின்றனர் என்பது நமக்குத் தெரியும். 'நானும் இவ்வுலகத்தில் ஒருவன்' என்று அவன் அறிந்துகொள்ள, அந்தச் சுவர்களில் ஒரு படமேனும் உண்டா? தன்னைப்போல் ஒருவரையும் எங்கும் காணாத பிள்ளை, தான் பிழையாகப் பிறந்ததாகவே நம்பி வளரும். அவனைச் சுட்டிக்காட்ட வேண்டா. அவன் முகத்தைக் கேட்க வேண்டா. காக்கரின் ஓவியத்தைக் காட்டி அந்தக் கழுதைக் கதையைச் சொல்லுவோம். முக்கோணம் நிமிர்ந்த வரலாற்றைச் சொல்லுவோம். பின் இருக்கையில் தலைகுனிந்திருக்கும் ஒரு பிள்ளை, ஒருவேளை, அன்று தலை நிமிர்ந்து அப்படத்தைப் பார்க்கும். அந்தப் பார்வைக்காகவே படம் வேண்டும் என்கிறோம்.